எக்ஸ்ரே கிளஸ்டர்களை வச்சு பிரபஞ்ச மாடலை டெஸ்ட் பண்றது எப்படி? ஆரம்பத்துல இருந்து ஒரு முழு வழிகாட்டி

பிரபஞ்சத்துல மேட்டர் எவ்ளோ இருக்கு, டார்க் எனர்ஜி (பிரபஞ்சம் விரியறதை வேகப்படுத்தற ஏதோ ஒண்ணு) எப்படி நடந்துக்குதுன்னு கேட்டா எல்லாரும் சூப்பர்நோவால ஆரம்பிப்பாங்க, இல்லன்னா சிஎம்பில (பிக் பேங்ல இருந்து மிச்சமான மைக்ரோவேவ் ஒளி) ஆரம்பிப்பாங்க. கேலக்ஸி கிளஸ்டர்களை எக்ஸ்ரேல பார்த்து, எடை போட்டு, எண்ணியே அதே கேள்விகளுக்கு தனியா ஒரு பதில் எடுக்கலாம்ங்கறது பல பேருக்கு தெரியறதில்ல. அதுக்கான டேட்டா பெரும்பாலும் ஃப்ரீயா இறக்கிக்கலாம், சாஃப்ட்வேரும் ஃப்ரீ. பிஎஸ்சி பிசிக்ஸ் லெவல் அறிவும் கொஞ்சம் பைத்தானும் இருந்தா முதல் பாதியை நீங்களே ஒரு லேப்டாப்ல செஞ்சு பாத்துடலாம், ரெண்டாவது பாதி டீம் வேலை, ஆனா அது எப்படி நடக்குதுன்னு புரிஞ்சுக்கறதுல ஒரு கஷ்டமும் இல்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா கீழ வர்ற எல்லாம் அதை சுத்திதான் ஓடும். கிளஸ்டரை கண்டுபிடிக்கறது கஷ்டம் இல்ல, எண்ணறதும் கஷ்டம் இல்ல, எடை போடறதுதான் கஷ்டம். இந்த ஃபீல்டுல நடந்த பெரிய சண்டை முக்காவாசி எடையைப் பத்தின சண்டைதான்.

எதைப் பாக்கறோம்னு முதல்ல தெளிவாகிக்கலாம்

கிளஸ்டர்னா நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரக்கணக்குல கேலக்ஸிங்க ஈர்ப்பு விசையால கட்டுண்டு கிடக்கற ஒரு கூட்டம். எடை நூறு லட்சம் கோடி சூரியன்ல இருந்து ஆயிரம் லட்சம் கோடி சூரியன் வரைக்கும் போகும். பேர்ல கேலக்ஸி இருந்தாலும் எடைல கேலக்ஸிங்களோட பங்கு ரொம்ப சொற்பம், சில சதவீதம்தான். சுமார் 85 சதவீதம் டார்க் மேட்டர் (ஒளி விடாத, ஈர்ப்பால மட்டும் தெரியற பொருள்), மிச்சத்துல பெரும்பகுதி கேலக்ஸிங்களுக்கு நடுவுல பரவி இருக்கற சூடான வாயு. அந்த வாயு 1 கோடி டிகிரில இருந்து 10 கோடி டிகிரி கெல்வின் வரைக்கும் கொதிக்குது, அந்த சூட்டுல எலக்ட்ரான்கள் புரோட்டான் பக்கத்துல வளைஞ்சு போகும்போது எக்ஸ்ரே வரும், இதைத்தான் பிரெம்ஸ்ட்ராலுங்னு சொல்றாங்க.

1970 டிசம்பர்ல ஏவின உஹுரு சாட்டிலைட்தான் கோமா, பெர்சியஸ், விர்கோ மாதிரி கிளஸ்டர்கள்ல இருந்து வர்ற எக்ஸ்ரே ஒரு புள்ளில இருந்து வரல, பரவலா வருதுன்னு காட்டுச்சு. அப்புறம் 1990-ல ரோசாட் வானம் முழுக்க ஸ்கேன் பண்ணுச்சு. 1999-ல சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் போனதுக்கப்புறம்தான் ஒவ்வொரு கிளஸ்டரையும் உள்ள புகுந்து பாக்க முடிஞ்சுது. (சந்திராங்கறது நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகரோட பேர்தான், தெரியாதவங்களுக்காக.)

எக்ஸ்ரேல பாக்கறதுல ஒரு பெரிய லாபம் இருக்கு. இந்த ஒளி வாயு அடர்த்தியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், அதனால அடர்த்தியான மையம் பளிச்சுன்னு தெரியும், சும்மா ஒரே திசைல வரிசையா தெரியற கேலக்ஸிங்களை கிளஸ்டர்னு தப்பா நினைக்கற பிரச்சனை ரொம்பவே குறையும். ஆனா அதே வர்க்கம்தான் பின்னாடி தொல்லையும் கொடுக்கும்.

படி 1: எந்த டெஸ்ட்டுன்னு முடிவு பண்ணுங்க

முக்கியமா ரெண்டு டெஸ்ட். ஒண்ணு, கிளஸ்டரோட மொத்த எடைல வாயு எத்தனை பங்குன்னு அளக்கறது, இதுக்கு கொஞ்சம் கிளஸ்டர் போதும், ஆனா ஒவ்வொண்ணும் அமைதியான, உருண்டையான, சமீபத்துல எதோடயும் மோதாத கிளஸ்டரா இருக்கணும். இன்னொண்ணு, எந்த எடைல, எவ்ளோ தூரத்துல, எத்தனை கிளஸ்டர் இருக்குன்னு எண்ணறது, இதுக்கு வானத்துல பெரிய பரப்பை சலிக்கணும். முதல்முறை செய்யறவங்க வாயுப் பங்குல ஆரம்பிங்க, பேப்பர் பென்சில் கணக்குலயே ஒரு பதில் கைக்கு வந்துடும்.

படி 2: டேட்டா எடுக்கறது, சுத்தம் பண்றது

சந்திரா ஆர்க்கைவ்ல போய் ஏபெல் 2029 இல்லன்னா ஏபெல் 1795-னு தேடுங்க. ரெண்டுமே அமைதியான கிளஸ்டர், ரெண்டுக்கும் நல்ல டேட்டா இருக்கு, 1795-ஐ சந்திரா டீமே கேலிபிரேஷனுக்காக (கருவியோட அளவை சரி பாக்க) திரும்பத் திரும்ப பாத்துகிட்டு இருக்காங்க. புல்லட் கிளஸ்டர் போட்டோ அழகா இருக்குன்னு அதை எடுத்துடாதீங்க, அது மோதல்ல இருக்கு, கீழ வர்ற கணக்கு அதுக்கு செல்லாது.

சியாவோங்கற சாஃப்ட்வேர்தான் சந்திரா டேட்டாவுக்கு. இறக்கின உடனே ரீப்ரோசஸ் கமாண்டை ஓட்டி புது கேலிபிரேஷன் ஃபைலோட டேட்டாவை மறுபடி தயார் பண்ணிக்கோங்க. இதை சோம்பேறித்தனத்துல விடக்கூடாது, ஏன்னா சந்திராவோட ஏசிஸ் கேமரா ஃபில்டர் மேல வருஷா வருஷம் அழுக்குப் படலம் ஏறிகிட்டே வருது, கம்மி எனர்ஜி எக்ஸ்ரேயை அது முழுங்கிடும், பழைய கேலிபிரேஷன் வச்சா வெப்பநிலையே தப்பா வரும்.

அடுத்து சூரியன்ல இருந்து வர்ற துகள் வெடிப்பு நேரங்களை லைட் கர்வ் (நேரம் போகப் போக சிக்னல் எப்படி மாறுதுங்கற வரைபடம்) பாத்து வெட்டி எடுங்க, பின்னணில இருக்கற குவேசார் (தூரத்து கேலக்ஸியோட பிரகாசமான மையம்) மாதிரி புள்ளிகளை கண்டுபிடிச்சு மறைங்க, பேக்ரவுண்டை கழிங்க. கிளஸ்டரோட ஓரத்துல வர்ற சிக்னலை விட பேக்ரவுண்ட் அதிகமா இருக்கும், அதனால அங்க பேக்ரவுண்ட் ஒரு ரெண்டு சதவீதம் தப்பானாலே வெப்பநிலை எங்கயோ போயிடும். இந்தப் படில மெதுவா போங்க, பின்னாடி நேரம் மிச்சம்.

படி 3: வெப்பநிலை

கிளஸ்டரை மையத்துல இருந்து வளையம் வளையமா பிரிச்சு, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்க. அதை எக்ஸ்ஸ்பெக் இல்லன்னா ஷெர்பாங்கற சாஃப்ட்வேர்ல போட்டு ஏபெக்ங்கற சூடான வாயு மாடலை ஃபிட் பண்ணனும், முன்னாடி நம்ம பால்வெளில இருக்கற ஹைட்ரஜன் உறிஞ்சறதுக்கு ஒரு மாடலையும் சேத்துக்கோங்க. ஸ்பெக்ட்ரம் மேல் எனர்ஜி பக்கம் எங்க மடங்கி விழுதோ அதுதான் வெப்பநிலையை சொல்லும். 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்துல இரும்போட கோடு தனியா எட்டிப் பாக்கும், தூரமான கிளஸ்டர்னா அது ரெட்ஷிஃப்ட்டுக்கு (பிரபஞ்சம் விரியறதால ஒளியோட எனர்ஜி குறையறது) ஏத்த மாதிரி கீழ நகர்ந்திருக்கும். வாயுல உலோக அளவு சூரியன்ல இருக்கறதுல சுமார் மூணுல ஒரு பங்குன்னு வந்தா பயப்படாதீங்க, அதுதான் வழக்கம்.

இனிமே கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை கேஈவின்னு சுருக்கிக்கறேன், 1 கேஈவின்னா சுமார் 1.16 கோடி டிகிரி கெல்வின். ரொம்ப சூடான கிளஸ்டர்ல ஒரு சங்கடம் இருக்கு, ஸ்பெக்ட்ரம் மடங்கற இடம் டெலஸ்கோப் நல்லா பாக்கற எல்லையைத் தாண்டிப் போயிடும், அதனால சந்திராவும் எக்ஸ்எம்எம்மும் ஒரே சூடான கிளஸ்டருக்கு வேற வேற வெப்பநிலை சொல்லும், சந்திராதான் அதிகமா சொல்லும். ரெண்டு டெலஸ்கோப் டேட்டாவை கலந்து அடிக்கறவங்க இதை மறந்துடறாங்க.

படி 4: அடர்த்தி

இது வெப்பநிலையை விட ரொம்ப ஈஸி. 0.5-ல இருந்து 2 கேஈவி வரைக்கும் உள்ள பேண்ட்ல, சூடான வாயுவோட பிரகாசம் வெப்பநிலையை கிட்டத்தட்ட கண்டுக்கறதே இல்ல, அடர்த்தியை மட்டும்தான் பாக்கும். அதனால மையத்துல இருந்து வெளிய போகப் போக பிரகாசம் எப்படி குறையுதுன்னு ஒரு ப்ரொஃபைல் போட்டா அதுல இருந்து அடர்த்தியை எடுத்துடலாம். 1976-ல கவாலியரேயும் ஃபுஸ்கோ ஃபெமியானோவும் கொடுத்த பீட்டா மாடல் (மையத்துல இருந்து அடர்த்தி எப்படி விழுதுங்கறதுக்கு ஒரு எளிய சூத்திரம்) ஆரம்பத்துக்கு போதும். ஏபெல் 2029, 1795 மாதிரி மையம் குளிர்ந்து பிரகாசமா இருக்கற கிளஸ்டருக்கு ஒரு பீட்டா பத்தாது, ரெண்டு சேக்கணும்.

வர்க்கத்தோட தொல்லைன்னு மேல சொன்னேனே, அது இங்கதான் வரும். வாயு ஒரே சீரா இல்லாம கட்டி கட்டியா இருந்தா, கட்டிங்க மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சு நிஜத்துல இருக்கறதை விட அதிக வாயு இருக்கற மாதிரி காட்டும். கிளஸ்டரோட ஓரம் போகப் போக இது கூடும்.

படி 5: எடை

இப்ப மெயின் கணக்கு. வாயு அமைதியா நிக்குதுன்னு வச்சுக்கோங்க, அதாவது உள்பக்கம் இழுக்கற ஈர்ப்பை வெளிப்பக்கம் தள்ளற அழுத்தம் சரியா சமன் பண்ணுது. அப்படின்னா அழுத்தம் எப்படி குறையுதுன்னு தெரிஞ்சா அந்த ஆரத்துக்குள்ள எவ்ளோ எடை இருக்குன்னு தெரிஞ்சுடும், டார்க் மேட்டரும் சேத்து. எண்களை எல்லாம் போட்டு சுருக்கினா இப்படி வரும்:

எடை = 37 லட்சம் கோடி சூரியன் × வெப்பநிலை × ஆரம் × சரிவு

வெப்பநிலை கேஈவில, ஆரம் மெகாபார்செக்ல (1 மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). சரிவுன்னா அடர்த்தியும் வெப்பநிலையும் லாக் ஸ்கேல்ல எவ்ளோ வேகமா விழுதோ அந்த ரெண்டையும் கூட்டினது.

ஒரு மாதிரி கிளஸ்டருக்கு போட்டுப் பாப்போம். ஆரம் 1.2 மெகாபார்செக், அங்க வெப்பநிலை 5 கேஈவி, அடர்த்தி சரிவு 2.1, வெப்பநிலை சரிவு 0.5, மொத்தம் 2.6. பெருக்கினா 37 × 5 × 1.2 × 2.6, சுமார் 577 லட்சம் கோடி சூரியன். படி 4-ல எடுத்த அடர்த்தியை அதே ஆரம் வரைக்கும் கூட்டி வாயு எடை 75 லட்சம் கோடி வருதுன்னு வைங்க. வாயுப் பங்கு 75-ஐ 577-ஆல வகுத்தா 13 சதவீதம். பெரிய கிளஸ்டர்கள்ல நிஜமாவே இந்த ரேஞ்சுலதான் வருது.

பேப்பர்கள்ல ஆர்500-னு பாப்பீங்க, அது உள்ள இருக்கற சராசரி அடர்த்தி அந்தக் காலத்து பிரபஞ்சத்தோட கிரிட்டிக்கல் அடர்த்தியை (பிரபஞ்சம் வளைவு இல்லாம தட்டையா இருக்க வேண்டிய அடர்த்தி) விட 500 மடங்கா இருக்கற ஆரம். கிளஸ்டருக்கு வேலி கிடையாது, அதனால எங்கயோ ஒரு எல்லை போட்டே ஆகணும், அவ்ளோதான் விஷயம்.

படி 6: அந்த 13 சதவீதத்துல இருந்து பிரபஞ்சத்துக்கு

கிளஸ்டர் அவ்ளோ பெரிய பரப்புல இருந்து பொருளை சேத்துகிட்டு வந்ததால, அதுக்குள்ள சாதாரண மேட்டர் எத்தனை பங்கோ கிட்டத்தட்ட அதுதான் பிரபஞ்சம் முழுக்க இருக்கற பங்கும். 13 சதவீத வாயுவோட நட்சத்திரங்களுக்கு ஒரு 2 சதவீதம் சேருங்க, 15 சதவீதம். பிரபஞ்சத்துல சாதாரண மேட்டர் எவ்ளோன்னு பிக் பேங்ல உருவான டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) அளவுல இருந்து தனியா தெரியும், ஹபிள் மாறிலி (பிரபஞ்சம் விரியற வேகம்) 70-னு வச்சா அது கிரிட்டிக்கல் அடர்த்தில சுமார் 4.6 சதவீதம். இப்ப 4.6-ஐ 0.15-ஆல வகுங்க. 31 சதவீதம் வரும். மொத்த மேட்டர் கிரிட்டிக்கல் அடர்த்தில 0.3 பக்கம்! கிளஸ்டருக்குள்ள சாதாரண மேட்டர் சராசரியை விட கொஞ்சம் கம்மியா இருக்கும்ங்கற திருத்தத்தைப் போட்டா 0.28 பக்கம் இறங்கும், இருந்தாலும் கதை மாறாது.

இதுல நடந்த வரலாறு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1993-ல சைமன் ஒயிட், நவாரோ, எவ்ரார்ட், ஃப்ரெங்க் நாலு பேரும் கோமா கிளஸ்டரை வச்சு இதே கணக்கை போட்டாங்க. அன்னிக்கு நெறைய தியரிக்காரங்க மொத்த மேட்டர் 1-தான் இருக்கணும்னு நம்பிகிட்டு இருந்த காலம். மேட்டர் 1-னா கிளஸ்டர்ல சாதாரண மேட்டர் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆனா வாயு மட்டுமே அதை விட பல மடங்கு இருந்துச்சு. ஒண்ணு பிக் பேங் அணுக்கரு கணக்கு தப்பு, இல்லன்னா மேட்டர் கம்மி. சூப்பர்நோவா டீம்ங்க டார்க் எனர்ஜின்னு சொன்னது 1998-ல, அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கிளஸ்டர்கள் ஒரு குறிப்பு கொடுத்துடுச்சு.

ஹபிள் மாறிலி 67-ஆ 73-ஆங்கற சண்டை இங்க பெருசா தலையிடாது, இந்த பதில் அதோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் மாறும், வித்தியாசம் 4 சதவீதம் சுமார்தான்.

படி 7: தூரத்தை வச்சு டார்க் எனர்ஜி

வானத்துல நாம அளக்கறது கோணம், எடைக்கு வேண்டியது நீளம், நடுவுல தூரம் வேணும், தூரத்துக்கு ஒரு மாடல் வேணும். வாயு எடை தூரத்தோட 2.5-வது அடுக்குல மாறும், மொத்த எடை தூரத்தோட நேரா மாறும், அப்ப வாயுப் பங்கு தூரத்தோட 1.5-வது அடுக்குல மாறும். பக்கத்து கிளஸ்டர்லயும் தூரத்து கிளஸ்டர்லயும் வாயுப் பங்கு ஒரே அளவாதான் இருக்கணும். தப்பான மாடலை போட்டு தூரம் கணக்கு பண்ணினா, தூரம் போகப் போக வாயுப் பங்கு குறையற மாதிரியோ கூடற மாதிரியோ தெரியும். டார்க் எனர்ஜி இல்லாம மேட்டர் மட்டும் 1-னு வச்சா தூரத்து கிளஸ்டர்ல பங்கு விழும், 0.3 மேட்டர் 0.7 டார்க் எனர்ஜின்னு போட்டா கோடு தட்டையா நிக்கும். 2008-ல ஸ்டீவ் ஆலன் டீம் சந்திரால பாத்த 42 அமைதியான கிளஸ்டர்களை வச்சு இதைத்தான் பண்ணி, மேட்டர் 0.28, பிழை 0.06, டார்க் எனர்ஜி இருக்குன்னு 99.99 சதவீத நம்பிக்கைன்னு சொன்னாங்க.

படி 8: எண்ணற டெஸ்ட்

பெரிய கிளஸ்டர் உருவாக ரொம்ப நேரம் ஆகும். மேட்டர் எவ்ளோ, மேட்டர் பரவல்ல ஏற்ற இறக்கம் எவ்ளோ (இதை சொல்ற எண்தான் சிக்மா 8), டார்க் எனர்ஜி வளர்ச்சிக்கு எப்ப பிரேக் போட்டுச்சு, இதை எல்லாம் பொறுத்துதான் எந்தக் காலத்துல எத்தனை பெரிய கிளஸ்டர் இருக்கும்ங்கறது. கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல இருந்து எடுத்த மாஸ் ஃபங்ஷன் (எந்த எடைல எத்தனை கிளஸ்டர்ங்கற சூத்திரம்), உதாரணத்துக்கு டிங்கர் டீம் 2008-ல கொடுத்தது, கொலோசஸ்ங்கற பைத்தான் பேக்கேஜ்ல ரெடியா இருக்கு. சிக்மா 8-ஐ 0.8-ல இருந்து 0.85-க்கு மாத்தி வரைபடம் போட்டுப் பாருங்க, சின்ன கிளஸ்டர் எண்ணிக்கை பெருசா அசையாது, ஆயிரம் லட்சம் கோடி சூரியன் பக்கம் எண்ணிக்கை எகிறிடும். இந்த சென்சிட்டிவிட்டிதான் பலம்.

2009-ல விக்லினின் டீம் பக்கத்துல 49, தூரத்துல 37 கிளஸ்டர்களை எடுத்து, டார்க் எனர்ஜி இருக்கற மாடல், இல்லாத மாடல் ரெண்டுலயும் போட்டுப் பாத்தாங்க. அந்த படத்துல கவனிக்க வேண்டியது, மாடலை மாத்தும்போது கோடு மட்டும் நகராது, தூரமும் எடையும் கன அளவும் மாறறதால டேட்டா புள்ளிகளே இடம் மாறும். டார்க் எனர்ஜி இல்லாத மாடல்ல தூரத்து புள்ளிகளும் கோடும் ஒத்துப்போகவே இல்ல. உங்க பைத்தான் ப்ரோக்ராம்ல எடையை ஒரு தடவ கணக்கு பண்ணி ஃபைல்ல போட்டு வச்சுகிட்டு மாடலை மட்டும் மாத்தி ஃபிட் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் அளவீட்டையும் சேத்து மாத்தணும்.

அடுத்து செலக்ஷன். எக்ஸ்ரே சர்வேல பிரகாசமானதுதான் மாட்டும், ஒரே எடைல மையம் குளிர்ந்த கிளஸ்டர் அதிக பிரகாசம், அது லிஸ்ட்ல ஏறிடும், மங்கலானது விட்டுப்போகும். தவிர சின்ன கிளஸ்டர்கள்தான் எண்ணிக்கைல எக்கச்சக்கம், அதுல சிலது தற்செயலா பிரகாசமா இருந்து பெரிசுங்க கூட்டத்துல வந்து உக்காந்துடும். இதை திருத்தாம எண்ணினா பதில் சுத்தமா வேஸ்ட். அதனால போலியா ஒரு வானத்தையே கம்ப்யூட்டர்ல செஞ்சு, அதே சாஃப்ட்வேரை அதுல ஓட்டி, எது மாட்டுது எது மாட்டலன்னு பாத்து ஒரு செலக்ஷன் ஃபங்ஷன் எடுக்கறாங்க.

படி 9: தராசை சரி பாக்கறது

வாயு அமைதியா நிக்குதுன்னு படி 5-ல சொன்னது முழு உண்மை இல்ல. உள்ள கொந்தளிப்பு இருந்தா அதுவும் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும், அதை நாம கணக்குல எடுக்கல, அதனால எடை குறைச்சுதான் வரும், சிமுலேஷன்ல பொதுவா 10-ல இருந்து 20 சதவீதம். பெரிய கிளஸ்டர் பக்கம் எடைல 10 சதவீதம் தப்புன்னா எண்ணிக்கைல 30 சதவீதம் வரைக்கும் தப்பு வரும்.

சிஎம்பியை அளந்த பிளாங்க் சாட்டிலைட் டீமோட கிளஸ்டர் எண்ணிக்கைல இது வெளிப்படையா வெடிச்சுது. சிஎம்பி சொன்ன அளவுக்கு கிளஸ்டர் இல்ல, பாதி கூட தேறல. 2015 முடிவுல ரெண்டையும் ஒத்துப்போக வைக்கணும்னா எக்ஸ்ரேல இருந்து வந்த எடை நிஜ எடைல 58 சதவீதம்தான்னு ஒத்துக்கணும், 80 சதவீதம்னு எதிர்பார்த்தாங்க. ஹிட்டோமி சாட்டிலைட் 2016-ல செயலிழக்கறதுக்கு முன்னாடி பெர்சியஸ் மையத்துல வாயு வேகத்தை நேரா அளந்துச்சு, நொடிக்கு 164 கிலோமீட்டர், அது கொடுக்கற அழுத்தம் வெப்ப அழுத்தத்துல வெறும் 4 சதவீதம். 42 சதவீதம் எடை காணாமப் போறதுக்கு இது பத்தவே பத்தாது, ஆனா ஹிட்டோமி பாத்தது மையத்தை, எடை போடறது ஓரத்துல. 2023-ல போன எக்ஸ்ரிஸம் சாட்டிலைட் இந்த வேலையை மத்த கிளஸ்டர்கள்ல தொடருது.

இப்ப எல்லாரும் போற வழி வீக் லென்சிங். பின்னாடி இருக்கற கேலக்ஸிங்களோட உருவத்தை கிளஸ்டரோட ஈர்ப்பு லேசா வளைக்கும், அந்த வளைவுக்கு வாயு அமைதியா இருக்கா இல்லையாங்கறது தேவையே இல்ல. ஒத்தை கிளஸ்டருக்கு இது இரைச்சல் அதிகம், நூத்துக்கணக்குல சேத்தா சராசரி நல்லா வரும். எக்ஸ்ரே சிக்னலை வச்சு வரிசைப்படுத்து, லென்சிங்கை வச்சு தராசை சரி பண்ணு, இதுதான் என்னைப் பொறுத்தவரை ஒரே நியாயமான முறை. எக்ஸ்ரே எடையை மட்டும் நம்பி சிக்மா 8-ஐ ரெண்டு தசமம் வரைக்கும் எழுதற பேப்பரை நான் சந்தேகத்தோடதான் படிப்பேன்.

படி 10: ரிசல்ட்டை எப்படி படிக்கறது

2019 ஜூலைல ரஷ்ய சாட்டிலைட்ல ஏறிப் போன ஜெர்மன் ஈரோசிட்டா எக்ஸ்ரே டெலஸ்கோப்போட முதல் வான சர்வேவை, ஜெர்மன் பக்கத்துக்கு சேர்ந்த பாதி வானத்துக்கு, 2024 ஜனவரில வெளியிட்டாங்க. 12,247 கிளஸ்டர், அதுல 5,259-ஐ காஸ்மாலஜிக்கு எடுத்தாங்க, தராசுக்கு மூணு ஆப்டிகல் சர்வேயோட லென்சிங். மேட்டர் 0.29, சிக்மா 8 0.88, ரெண்டையும் சேத்த எஸ் 8 0.86, பிழை 0.01. பிளாங்க் சிஎம்பி எஸ் 8 0.83 பக்கம், டார்க் எனர்ஜி சர்வேயோட மூணு வருஷ டேட்டால கேலக்ஸி லென்சிங் 0.78 பக்கம். முன்னாடி கிளஸ்டர் கம்மின்னு சண்டை, இப்ப கிளஸ்டர் எண்ணிக்கை சிஎம்பிக்கு மேல நிக்குது!

இதுல யாரு சரின்னு அவசரப்பட்டு கட்சி சேராதீங்க. முதல்ல எஸ் 8-ஐ மட்டும் பாக்காம மேட்டர்-சிக்மா 8 காண்டூர் படத்தை (டேட்டாவோட ஒத்துப்போற மதிப்புகளைக் காட்டற வளையம்) முழுசா பாருங்க, எந்தத் திசைல நீண்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் எடைத் திருத்தத்துக்கு என்ன ப்ரையர் (முன்கூட்டியே வச்சுக்கற அனுமானம்) போட்டிருக்காங்க, செலக்ஷன்ல கிளஸ்டர் இல்லாத குவேசார் எத்தனை கலந்திருக்கும்னு கணக்குல எடுத்திருக்காங்க, பதிலை மறைச்சு வச்சு அனலிசிஸ் பண்ணினாங்களா, இந்த மூணையும் தேடுங்க. டார்க் எனர்ஜியோட டபிள்யூ அளவை (அதோட அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) அதே ஈரோசிட்டா டேட்டா -1.12, பிழை 0.12-னு கொடுக்குது, அதாவது -1-ங்கற காஸ்மாலஜிக்கல் கான்ஸ்டன்டோட தாராளமா ஒத்துப்போகுது.

ஈரோசிட்டா 2022 பிப்ரவரில உக்ரைன் போருக்கப்புறம் நிறுத்தி வைக்கப்பட்டுச்சு, ஆனா அதுக்குள்ள வானத்தை நாலு தடவ முழுசா சுத்தி முடிச்சிருந்துச்சு. மேல சொன்ன எண்கள் எல்லாம் முதல் சுத்துல இருந்து மட்டும் வந்தது. முதல் சுத்தோட கேட்டலாக் பப்ளிக்கா கிடக்குது, படி 8-ல சொன்ன கொலோசஸ் வரைபடத்து மேல அதை வச்சுப் பாக்க ஆரம்பிக்கலாம்.